ஆறு மாதத்தில் ஊட்டுவதா, தானே எடுத்து உண்ண விடுவதா?

வேளச்சேரி அம்மா:
என் மகளுக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது. இணை உணவு தொடங்கி மூன்று வாரம். கூழாக அரைத்து ஊட்டாமல், அவள் கைக்குப் பிடிபடும் அளவில் நறுக்கித் தட்டில் வைக்கிறேன். விரல் நீளத்துக்கு வெட்டிய இட்லி, ஆவியில் வெந்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு. அவளே எடுக்கிறாள், நசுக்குகிறாள், பாதியை முகத்தில் பூசிக்கொள்கிறாள், மீதியில் கொஞ்சம் உள்ளே போகிறது. பிரிட்டனில் குழந்தை நலச் செவிலியராக இருந்த கில் ராப்லி பரவலாக்கிய முறை இது. எதை வைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் முடிவு.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். தனியார் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்தது 26 வாரப் பேறுகால விடுப்பு. அது தீரும் வாரமும் இணை உணவு தொடங்கும் வாரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. சேர்த்து வைத்திருந்த விடுமுறையைப் போட்டு மூன்று வாரம் தள்ளினேன். இனி பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்வார். "பிள்ளையைப் பட்டினிக்குப் பழக்குகிறாய்" என்கிறார். நான் வாசலைத் தாண்டியதும் கூழும் ஸ்பூனும் வந்துவிடும் என்று தெரிகிறது. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நம்புகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

பெரம்பூர் பாட்டி:
காரணத்தோடே சொல்கிறேன், அம்மா. மூன்று பிள்ளை, நான்கு பேரப்பிள்ளை இந்தக் கையால் உண்டு வளர்ந்தவர்கள். ஊட்டுவது என்றால் திணிப்பது என்று நீங்களாகவே வைத்துக்கொள்கிறீர்கள். சோற்றை விரலால் மசிக்கும்போதே அதில் கட்டி இருக்கிறதா, சூடு எப்படி என்று கைக்குத் தெரிந்துவிடும். குழந்தை நாக்கால் தள்ளுகிறதா, இன்னும் வாயைத் திறக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கவளம். இதில் எந்த இடத்தில் கட்டாயம் வந்தது?

உங்கள் தட்டில் பத்துத் துண்டு வைத்தால் எட்டு தரையில் கிடக்கும். எறும்பு வரும். குழந்தையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தரையைத் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து இருக்கும் கோடையில் இதைச் செய்து பாருங்கள். செய்யப்போவது நீங்கள் இல்லை, உங்கள் மாமியார். அவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா?

திருவான்மியூர் தகப்பன்:
என் மறுப்பு வேறு. என் மகனுக்குப் பதினொரு மாதம் இருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த அண்ணன் பிள்ளையின் கையிலிருந்து கடலை உருண்டையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். புரையேறி இருமினான், பிறகு அடங்கிவிட்டான். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இரவில் மூச்சோடு சேர்ந்து விசில் போல் ஒரு சத்தம் வந்தது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு அரைக் கடலையை எடுத்தார்கள். அந்த அரைக் கடலையை ஒரு சிறு புட்டியில் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் வேர்க்கடலையைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

கையில் கிடைத்ததை வாயில் போடலாம் என்று ஆறு மாதத்திலேயே நாம் பழக்க வேண்டுமா?

குரோம்பேட்டை உணவியல்:
ஐயா, உங்களுக்கு நேர்ந்தது பெரிய வேதனை. ஆனால் நீங்கள் பழக்காமலேயே உங்கள் மகன் வாயில் போட்டுக்கொண்டான் என்பதையும் கவனியுங்கள். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான்.

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆறு மாதக் குழந்தைக்கு ஓங்கரிப்பு நாக்கின் முன்பகுதியிலேயே எழும். துண்டு உள்ளே போகுமுன் தள்ளிவிடும் காவல் அது. முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வரும். உண்மையில் மூச்சு அடைத்தால் சத்தம் வராது, அழ முடியாது, உதடு நீலம் பாயும்.

நியூசிலாந்தில் 206 குடும்பங்களை இரண்டு பிரிவாக வைத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016 தொடங்கி வெளிவந்தன. தானே உண்ட பிரிவிலும் ஊட்டிய பிரிவிலும் மூச்சடைப்பில் வேறுபாடு இல்லை. தானே உண்டவை ஆறாம் மாதத்தில் அதிகம் ஓங்கரித்தன, எட்டாம் மாதத்தில் மற்றவற்றைவிடக் குறைவாக ஓங்கரித்தன.

திருவான்மியூர் தகப்பன்:
அந்த ஆய்வை நானும் படித்தேன். அதில் தானே உண்ட பிரிவின் பெற்றோருக்கு எதைக் கொடுக்கக் கூடாது, எப்படி வெட்ட வேண்டும் என்று வீடு தேடி வந்து சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் ஒரு முறையாவது மூச்சடைப்பு ஏற்பட்டதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை சொல்லிக்கொடுத்த பிரிவிலும், மற்றப் பிரிவிலும், ஆபத்தான உணவு ஏராளமான குழந்தைகளுக்குப் போயிருக்கிறது. 206 பேரை வைத்து அரிதாக நேரும் ஒரு சாவை அளக்கவும் முடியாது. "வேறுபாடு இல்லை" என்பதை "ஆபத்து இல்லை" என்று படிக்காதீர்கள். நம் வீடுகளில் டீப்பாய் மேல் முறுக்கும், கூடையில் திராட்சையும், பெரியவர்கள் கையில் சுண்டலும் இருக்கின்றன. அங்கே வந்து வெட்டச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

குரோம்பேட்டை உணவியல்:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் யாரிடமும் "விட்டுவிடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசியாதது தட்டுக்கு வரக் கூடாது. பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள், முழுத் திராட்சை, கடலை, பாதாம், பொரி, தேங்காய்ச் சில்லு எதுவும் கூடாது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்த நிலையிலோ, நகரும் வண்டியிலோ கூடாது. எதிரில் ஒரு பெரியவர் இருந்தே தீர வேண்டும். வேறு யாரும் பக்கத்திலிருந்து அதன் வாயில் எதையும் போடவும் கூடாது.

திருவொற்றியூர் அங்கன்வாடி:
நீங்கள் எல்லோரும் தொண்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது அதிகம். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்தின் சேமிப்பு ஆறு மாத அளவில் கரைகிறது. தாய்ப்பாலில் இருப்பது மிகக் கொஞ்சம். சரியாக அந்த நேரத்தில் இட்லியையும் பரங்கிக்காயையும் கையில் கொடுத்து, "எவ்வளவு உண்பது என்பது அவள் முடிவு" என்கிறீர்கள். வேளச்சேரி அம்மா, உங்கள் தட்டில் இரும்பு எங்கே இருக்கிறது? பருப்பில் கொஞ்சம். அதிலும் முக்கால்வாசி தரையில்.

எங்கள் மையத்துக்கு வரும் தாய்மார்களில் பலர் விடியுமுன் மீன் விற்கக் கிளம்பிவிடுவார்கள். கீழே விழுந்த உணவுக்கு மாற்றாக இன்னொரு முறை சமைக்க அவர்களிடம் பொருளும் இல்லை, நேரமும் இல்லை. சத்துமாவுக் கஞ்சியைக் கையால் அள்ளிக் குடிக்கவும் முடியாது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குக் கிண்ணமும் ஸ்பூனும் பிடித்த ஒரு கை வேண்டும். உங்கள் முறை, நிறைய மீதமாகும் வீடுகளுக்கானது. கோபத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் எடை பார்க்கிறவள் சொல்கிறேன்.

அண்ணா நகர் இரட்டையர் அம்மா:
33 வாரத்தில் பிறந்த இரட்டையர் எனக்கு. ஆறு மாதம் முடிந்தபோதும் தலை நிற்கவில்லை, உட்காரவும் இல்லை. தானே எடுத்து உண்ணும் பேச்சே எழவில்லை. டாக்டர் சொன்னபடி கூழ்தான். இதை வாசிக்கும் குறைமாதத் தாய்மார்கள் தங்களைக் குற்றவாளியாக நினைக்க வேண்டாம்.

வேளச்சேரி அம்மா:
அங்கன்வாடி அக்கா கேட்ட கேள்வி நேற்று இரவு தூங்கவிடவில்லை. மூன்று வாரமாக என்னென்ன கொடுத்தேன் என்று எழுதிப் பார்த்தேன். மாவுச்சத்தும் இனிப்புக் காயும்தான் பக்கம் முழுக்க. முட்டை இரண்டே முறை. மீன் இல்லை. இது என் தவறு. முறையின் தவறு என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் ஒவ்வொரு வேளைத் தட்டிலும் இரும்புச்சத்துள்ள ஒரு உணவாவது இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதியை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் பாட்டி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அக்கா மகனுக்கு நான்கு வயது. போனில் படம் ஓடினால்தான் வாய் திறக்கும். வாயில் என்ன போனது என்று அவனுக்குத் தெரியாது. போதும் என்று அவன் தலையைத் திருப்பிய நாட்களில் எல்லாம், "இன்னும் ஒரே வாய்" என்று பத்து வாய் போயிருக்கிறது. அன்பாகத்தான் ஊட்டினார்கள். பசி என்றால் என்ன, நிறைவு என்றால் என்ன என்று அவன் வயிறு அவனுக்குச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் இந்தப் பக்கம் வந்தேன். உங்கள் கை குழந்தையைக் கவனிக்கும் கை. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை.

மயிலாப்பூர் சைவம்:
மீன், முட்டை, ஈரல் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

குரோம்பேட்டை உணவியல்:
குழைய வேகவைத்து மசித்த பருப்பு, பயறு, கொண்டைக்கடலை மசியல், பொடியாக அரைத்த எள். அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ தக்காளியோ சேர்ந்தால் உடல் இரும்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். கேழ்வரகு சுண்ணாம்புச்சத்துக்கு மிக நல்லது; ஆனால் அதிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது, அதை மட்டும் நம்ப வேண்டாம். அரசு தரும் இரும்புச்சத்து மருந்து, வாரம் இருமுறை 1 மில்லி, ஆறு மாதத்திலிருந்து உண்டு. அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்; கைக்குழந்தைக்கு அது உயிராபத்தாகலாம்.

பெரம்பூர் பாட்டி:
போனைக் காட்டி ஊட்டுவதை நானும் வெறுக்கிறேன். அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டு நாளாக யோசித்தேன். தட்டில் ஒரு துண்டு கிழங்கோ இட்லியோ இருக்கட்டும், பிள்ளை பிடித்து விளையாடட்டும். என் பேரன்களும் என் தட்டில் கைவிட்டு அளைந்தவர்கள்தான். ஆனால் என் கையிலும் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் பருப்பும் முட்டையும் மசித்து வைத்திருப்பேன்.

வேளச்சேரி அம்மா:
அவள் வாயை மூடிக்கொண்டால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவீர்களா?

பெரம்பூர் பாட்டி:
நல்ல நாளில் வைத்துவிடுவேன். காய்ச்சல் விட்ட மறுநாளில் வைக்க மாட்டேன். அப்போது பிள்ளை தானாகக் கேட்காது, உடம்போ இளைத்திருக்கும். பாட்டுப் பாடி, காக்கையைக் காட்டி, நான்கு வாயாவது கொடுப்பேன். உங்கள் புத்தகத்தில் காய்ச்சல் விட்ட பிள்ளை இருக்கிறதா?

திருவொற்றியூர் அங்கன்வாடி:
பாட்டி சொல்வது சரி. நோய் தீர்ந்த பிறகு சில நாட்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் பயிற்சியில் சொன்னார்கள். அந்த நாட்களில் முடிவைக் குழந்தையிடம் விட முடியாது.

குரோம்பேட்டை உணவியல்:
கெஞ்சலாம், கொஞ்சலாம், இடைவெளி விட்டு மறுபடி கேட்கலாம். மூக்கைப் பிடிப்பது, அழும் வாயில் ஸ்பூனை நுழைப்பது கூடாது. அழும்போது கொடுத்தால்தான் புரையேறும்.

வேளச்சேரி அம்மா:
காய்ச்சல் நாளில் பாட்டியின் கிண்ணத்தை ஏற்கிறேன். மற்ற நாட்களில் என் மகள் வாயை மூடினால் அது முடிவுதான். அதில் நான் மாறவில்லை.

திங்கட்கிழமை போய்விட்டு வந்தேன். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. பாட்டி கேட்ட பிறகுதான் நானும் கேட்டேன். பழைய ரேஷன் சாக்கைப் பிரித்துத் தரையில் விரித்து வைத்துவிட்டுப் போனேன். அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம். காலையில் நானே மஞ்சள் கருவும் பருப்பும் சேர்த்து உருண்டை பிடித்து வைத்திருந்தேன். மாலையில் வந்தபோது, அவள் இரண்டு உருண்டை தானே உண்டாள், மூன்றாவதை அவர் ஊட்டினாராம், நான்காவதற்கு அவள் தலையைத் திருப்பியதும் விட்டுவிட்டாராம். அவரே சொன்னார். எடை பார்க்க அடுத்த வாரம் போகிறோம்.

திருவான்மியூர் தகப்பன்:
எடை இருக்கட்டும். மூச்சடைத்தால் என்ன செய்வது என்று உங்கள் மாமியாருக்குத் தெரியுமா?

வேளச்சேரி அம்மா:
தெரியாது. எனக்கும் வாசித்த அறிவுதான்; செய்து பார்த்ததில்லை.

பெரம்பூர் பாட்டி:
எனக்கும் தெரியாது, தம்பி. எங்கள் காலத்தில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவோம். சரியான வழி எதுவோ அதை எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் காட்ட வேண்டும்.

திருவான்மியூர் தகப்பன்:
தலைகீழாகத் தூக்காதீர்கள், அம்மா. கண்ணுக்குத் தெரியாததை வாயில் விரல் விட்டுத் துழாவவும் வேண்டாம். இன்னும் உள்ளே போய்விடும்.

சத்தமாக இருமினால், அழுதால், இரும விடுங்கள். சத்தமே வராவிட்டால் உடனே குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்துங்கள். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், தாடையை விரல்கள் தாங்க வேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை நன்றாகத் தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்துங்கள். மறுபடி ஐந்து தட்டு, ஐந்து அழுத்தல். கூட இருப்பவர் அதற்குள் 108-க்கு அழைக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது.

ஒரு துணிப் பொம்மையை எடுத்து இன்று இரவே செய்து பாருங்கள். பொம்மையை மெதுவாகத் தட்டினாலும் போதும். கை எங்கே போக வேண்டும் என்பது பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமியாரைச் செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.