15 நிமிடப் பேச்சுக்கு நாங்கள் கொடுத்த காசு

நெல்லைக்காரி எழுதியது:

சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாத விஷயம் இது. ஜெயிலில் இருப்பவர்களோடு போனில் பேச ஆகும் செலவைப் பற்றி இங்கே பேச்சு வந்ததால், சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2019இல் என் தம்பியை ஒரு வழக்கில் பிடித்து, நாங்கள் குடியிருக்கும் அமெரிக்க மாநிலத்திலேயே ஒரு சின்ன கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் வைத்தார்கள். விசாரணையே தொடங்கவில்லை. ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் நாலு மாதம் உள்ளே இருந்தான். முதல் நாள் ராத்திரி என் செல்போனில் ஒரு பதிவுக் குரல் வந்தது. ஜெயிலிலிருந்து அழைப்பு, பேச வேண்டுமானால் கணக்கு தொடங்கிப் பணம் போடுங்கள் என்றது. கார்டு எண்ணைக் கொடுத்து 25 டாலர் போட்டேன். பணம் போடுவதற்கே தனியாக 3 டாலர் பிடித்தார்கள். 15 நிமிடம்தான் பேச்சு, அதில் பாதி நேரம் அவன் அழுதுகொண்டிருந்தான். வைத்த பிறகு பார்த்தால் 13 டாலருக்கு மேல் போயிருந்தது.

அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார். அவனால் இந்தியாவுக்கு அழைக்க முடியாது. மூன்றாவது ஆளை லைனில் சேர்க்கவும் கூடாது, கண்டுபிடித்தால் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் என் போனையும் வீட்டுக்காரர் போனையும் எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஜெயில் அழைப்பு, இன்னொன்றில் அம்மாவின் வாட்ஸ்அப், இரண்டையும் ஸ்பீக்கரில் போடுவேன். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் கை நடுங்கும். "சாப்பிட்டியாய்யா?" என்று அம்மா கேட்பார். அவன் "ம்" என்பான். அப்புறம் இரண்டு பக்கமும் சத்தமே வராது. அந்த மௌனத்துக்கும் நிமிடத்துக்கு ஒரு டாலர் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருக்கும். "பேசும்மா, காசு போகுது" என்று நான் ஒருமுறை அதட்டிவிட்டேன். அதன் பிறகு அம்மா என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

ஜெயிலில் பார்வையாளர்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு வயதான கறுப்பினப் பெண்மணி அறிமுகமானார். மகனுக்காக வருஷக்கணக்கில் வந்துபோகிறவர். நான் கட்டும் தொகையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேறு மாநிலத்து ஏரியா கோடில் ஒரு நம்பர் வாங்கிக்கொள் மகளே, விலை இறங்கிவிடும்" என்றார். ஏரியா கோடு என்பது எந்தப் பகுதி நம்பர் என்று காட்டும் முன் எண். நம்பவில்லை, ஆனாலும் வாங்கிப் பார்த்தேன். அதே தம்பி, அதே 15 நிமிடம், 3 டாலர் 15 சென்ட்! இருபது மைல் தள்ளி இருக்கும் வீட்டுக்கு அழைத்தால் 13 டாலர், ஆயிரம் மைல் தள்ளிய நம்பருக்கு அழைத்தால் அதில் கால்வாசி.

காரணத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. 2013இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 21 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது. மாநிலத்துக்குள்ளேயே பேசும் அழைப்புக்கும் 2015இல் வரம்பு கொண்டுவந்தார்கள். ஜெயில் போன் கம்பெனிகள் வழக்குப் போட, 2017இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாங்கள் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில். இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அப்போது பல ஊர்களில் அந்த அழைப்பு வருமானத்தில் ஒரு பங்கு கமிஷனாக ஜெயிலை நடத்தும் நிர்வாகத்துக்கே போனது. கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதும் அந்த நிர்வாகம்தான். காசு கட்டுகிற குடும்பத்துக்கு அதில் பேச்சே கிடையாது.

அந்த 21 சென்ட் வரம்புக்கே ஒரு பாட்டி பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. வாஷிங்டனில் இருந்த மார்த்தா ரைட், கண் பார்வை இல்லாதவர். தொலைதூரச் சிறைகளில் இருந்த பேரனோடு பேச அவருக்குப் போனை விட்டால் வழியில்லை. 2003இல் எஃப்.சி.சி.யிடம் மனு கொடுத்தார். 2015இல் இறந்துபோனார். மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளையும் எஃப்.சி.சி.யின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த சட்டம் அவர் பெயரிலேயே 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அதன்படி 2024 ஜூலையில் புதிய வரம்புகளை அறிவித்தார்கள். பெரிய ஜெயில்களில் 15 நிமிடத்துக்கு 11 டாலர் 35 சென்ட் வரை இருந்தது 90 சென்டாக இறங்க வேண்டும். 2025இல் அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வடசென்னைத் தம்பி எழுதியது:

அக்கா, படித்ததும் மனசு கனத்துப்போச்சு. எங்கள் மாமா புழல் ஜெயிலில் இருந்தபோது எங்களுக்குச் செலவு வேறு விதம். அத்தை ஊரிலிருந்து மனு பார்க்க (ஜெயிலில் நேரில் சந்திப்பதை அப்படித்தான் சொல்வோம்) வர வேண்டுமென்றால் இரண்டு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். என்ன சொன்னார் என்றே பாதி புரியாது. போன் வரும் நாளில் அத்தை காலையிலேயே மொட்டை மாடிக்குப் போய்விடுவார், வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தவறவிட்டால் நாம் திருப்பி அழைக்க முடியாதே. 2020 கொரோனாவில் மனுவை நிறுத்திவிட்டு வீடியோ கால் கொடுத்தபோதுதான் மாமா முகத்தை நிம்மதியாகப் பார்த்தோம். பணம் மிச்சம் இருந்தால் உங்கள் ஊரில் திருப்பித் தருவார்களா அக்கா?

நெல்லைக்காரி எழுதியது:

அப்போது கேட்டால்தான் தந்தார்கள் தம்பி. என் கூடப்பிறந்தவன் வெளியே வந்த சந்தோஷத்தில் நான் கணக்கையே மறந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், மிச்சம் இருந்த 18 டாலர் இல்லை. பயன்படுத்தாமல் கிடந்ததால் போய்விட்டது என்றார்கள். அமெரிக்காவில் யாருக்காவது இப்படிக் கணக்கு இருந்தால், ஆள் வீட்டுக்கு வந்த அன்றே கூப்பிட்டு மூடச் சொல்லி, மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள். பேசிய ஆளின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.