ஆடாசிட்டியில் (ஒலிப்பதிவை வெட்டித் திருத்தும் மென்பொருள்) பாட்டை மட்டும் தேர்ந்தெடுக்க முடியவில்லை – உதவி தேவை

தலவாக்கலை:
எங்க அப்பாயி பாடின தாலாட்டு, ஒப்பாரியெல்லாம் போன்ல பதிஞ்சேன். 52 நிமிசம். நடுவுல இருமல், தேத்தண்ணி குடிக்கிற சத்தம், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தகரத்துல மழை. பாட்டுகளை மட்டும் தனித்தனியா எடுக்கணும். மவுஸால இழுத்துப் பிடிச்சாலும், சரிபார்க்க வேற இடத்தைத் தொட்டதும் தேர்வு போயிடுது. பாட்டை பாஸ் (pause) பண்ணி வச்சிட்டு கட் பண்ணப் போனா மெனு மங்கலாக் கிடக்கு. லேப்டாப் பழசு, ஆடாசிட்டியும் பழைய பதிப்புதான்.

மஸ்கெலியா:
தம்பி, பழைய பதிப்புல பாஸ்ல இருக்கும்போது வெட்ட விடாது. ஸ்டாப் அழுத்துங்க. நானும் ஒருநாள் முழுக்க இதுல மண்டையை உடைச்சேன்.
தேர்வு போறதுக்கு: ஷிஃப்டை அழுத்திக்கிட்டு கிளிக் பண்ணினா பழைய தேர்வு அழியாது, ஓரம் மட்டும் நகரும். தேர்வோட விளிம்புகிட்ட மவுஸைக் கொண்டுபோனா விரல் நீட்டின கை தெரியும், அதைப் பிடிச்சும் இழுக்கலாம்.

ஹட்டன்:
52 நிமிசத்தைக் கண்ணால பார்த்துப் பிடிக்க முடியாதுங்க, காதால பிடிங்க. ஓடவிட்டுட்டு பாட்டு ஆரம்பிக்கிற நேரத்துல இடது சதுர அடைப்புக்குறி கீயை ( [ ) அழுத்துங்க, முடியிறப்ப வலது ( ] ). இடையில உள்ளது தானாத் தேர்வாயிடும். பிறகு கண்ட்ரோலோட பி (இங்கிலீஷ்ல ball-க்கு வர்ற B). லேபிள் விழும், பாட்டுப் பேரை அடிங்க. எல்லாம் முடிஞ்சதும் எக்ஸ்போர்ட் மல்டிபிள்ல லேபிள்படி பிரிக்கச் சொன்னா ஒவ்வொரு பாட்டும் தனிக் கோப்பா வந்திடும். எதையும் வெட்டவே வேண்டாம், மூலம் அப்படியே இருக்கும்.

தலவாக்கலை:
அண்ணே, லேபிள் வேலை செய்யுது! ஒரு இருமலை மட்டும் வெட்டினேன், அந்த இடத்துல 'டிக்'னு கேக்குது.

மஸ்கெலியா:
அலை மேலேயோ கீழேயோ இருக்கும்போது வெட்டினா அப்படித்தான். அன்டூ பண்ணிட்டு, தேர்வு செஞ்சதும் இசட் கீயை ஒருதடவை அழுத்துங்க. ரெண்டு ஓரமும் அலை நடுக்கோட்டைக் கடக்கிற இடத்துக்கு நகரும். அப்புறம் வெட்டுங்க.

தலவாக்கலை:
மழையை எடுக்கலாமா?

ஹட்டன்:
மழை மட்டும் கேக்கிற ரெண்டு செக்கன் துண்டைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்சன்ல மாதிரி எடுத்துக் குறைக்கலாம். ஆனா தகரத்து மழை ஒரே சீரா இருக்காது. அழுத்தமாக் குறைச்சா அப்பாயி குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். நானா இருந்தா விட்டுடுவேன்.

தலவாக்கலை:
விட்டுட்டேன். 11 கோப்பு வந்திருக்கு. அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். மழையைப் பத்தி ஒண்ணும் சொல்லல, எட்டாவது பாட்டுல ஒரு அடி விட்டுப்போச்சு, திரும்பப் பதிங்குது.