சீபேப் மாஸ்க்: முகக்கவசமா, மூச்சணியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய்க்குத் தரப்படும், காற்றை அழுத்தத்துடன் இடைவிடாமல் செலுத்தும் சீபேப் (CPAP) கருவியின் மாஸ்க்குக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், அதை 'முகக்கவசம்' என்றே வழங்கலாம் என்று மருத்துவர் ஐயா முன்மொழிந்திருந்தார். கொரோனாக் காலத்தில் ஊர்தோறும் பழகிவிட்ட சொல் என்பதால் நோயாளிக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். அந்தப் பழக்கமே எனக்குத் தடையாகப் படுகிறது. மருந்துக்கடையில் முகக்கவசம் கேட்பவருக்குக் காதில் மாட்டும் நீலநிற மாஸ்க்தான் கிடைக்கும். அது வடிகட்டுவதற்கும் தடுப்பதற்கும் உரியது. சீபேப் மாஸ்க், கருவி அழுத்தத்துடன் அனுப்பும் காற்றைக் கசியவிடாமல் மூக்கினுள் சேர்த்து, தூக்கத்தில் தளர்ந்துபோன தொண்டைச் சுவர் ஒட்டிக்கொள்ளாதபடி விரித்து நிறுத்த உதவுவது. கவசம் என்ற சொல் இந்த வேலையைச் சுட்டவில்லை.

'முகமூடி' கொள்ளைச் செய்திகளில் ஊறிப்போன சொல். மேலும், மூச்சடைத்துவிடுமோ என்று ஏற்கெனவே அஞ்சுகிறவரிடம் 'மூடி' என்று முடியும் ஒரு பொருளை நீட்டுவது நல்லதாகத் தோன்றவில்லை. கையுறை, காலுறை வழியில் 'மூச்சுறை' எனலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் உறைதல் என்பது அசைவற்று இறுகுவதையும் குறிப்பதால், மூச்சு நிற்கும் நோய்க்கான கருவிக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் அமைவது அரிது. 'மூக்குறை' என்றால் மூக்கறையன் நினைவுக்கு வருகிறான். ஆங்கில மருத்துவ நூல்கள் மாஸ்க்கை 'இன்டர்ஃபேஸ்' என்பதைப் பின்பற்றி 'இடைமுகம்' என்றால் கணினியாளர்கள் அதை எப்போதோ தமதாக்கிக்கொண்டார்கள்.

ஆகவே 'மூச்சணி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காலணி என்று சொல்லும்போது எவரும் நகையை நினைப்பதில்லை என்பதால், அணி என்பது பயன்பாட்டுக்காக உடலில் மாட்டிக்கொள்ளும் பொருளுக்கும் தயக்கமின்றிப் பொருந்தும். உயிர்வளி (ஆக்சிஜன்) மாஸ்க்குக்கும் இதே சொல் செல்லுமே என்று கேட்கலாம். செல்லட்டும்; மூச்சணி பொதுப்பெயராக நின்று, அடைமொழி வகையைப் பிரிக்கட்டும்.

அந்த அடைமொழிகளில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. ஆங்கிலத்தில் 'ஃபுல் ஃபேஸ்' என்று விற்கப்படுவது மூக்கையும் வாயையும் மட்டுமே சூழ்கிறது. கண்ணும் நெற்றியும் வெளியேதான் இருக்கும். கண்களையும் சேர்த்து நெற்றி முதல் மோவாய் வரை சூழும் வகை வேறொன்று உண்டு. அதை 'டோட்டல் ஃபேஸ்' என்கிறார்கள். முன்னதை முழுமுகம் என்று மொழிபெயர்த்துவிட்டால் பின்னதற்குச் சொல் இல்லாமல் போவதோடு, இணையத்தில் வாங்குகிறவர் தவறான பொருளைத் தருவித்துவிடவும் கூடும். எனவே முகத்தில் எந்த இடத்தில் காற்றடைப்பு அமைகிறதோ அந்த இடத்தையே பெயரில் வைப்போம்: மூக்கு மூச்சணி, மூக்குவாய் மூச்சணி, முழுமுக மூச்சணி. நாசித்துளைகளின் விளிம்பில் மட்டும் பொருந்தும் இரு சிறு சிலிக்கோன் முனைகளை ஆங்கிலத்தார் தலையணை என்கிறார்கள். நம் மொழியில் 'மூக்குத் தலையணை' சிரிப்பைத்தான் தரும். வடிவத்தைப் பார்த்து 'நாசிமொட்டு' என்று சொல்லலாம். 'செருகி' என்றால் மூக்கின் உள்ளே வெகுதூரம் செல்வதாகப் பொருள்பட்டுவிடும்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், எதை அணிகிறோம் என்பது மருத்துவத்தின் பயனையே மாற்றுகிறது. 1981இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் காலின் சலிவன் குழுவினர் இம்மருத்துவத்தை முதன்முதலில் அறிவித்தபோது காற்றை மூக்கின் வழியாகவே செலுத்தினர். அழுத்தம் மூக்கின் வழியாக மட்டும் செல்லும்போது மெல்லண்ணமும் (மேல்வாயின் பின்புறத்து மென்சதை) நாவும் முன்னே தள்ளப்பட்டு வழி திறக்கிறது. மூக்குவாய் மூச்சணியில் வாய்ப்பக்கமும் அதே அழுத்தம் இருப்பதால் அந்தத் தள்ளுதல் குறைகிறது. பட்டையை இறுக்கினால் கீழ்த்தாடையும் பின்னோக்கி அழுந்துகிறது. அதனால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவருவதும், மூச்சுத்தடைகள் எஞ்சுவதும், நோயாளி கழற்றி வைத்துவிடுவதும் இவ்வகையில் அதிகம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மூக்குவழி அமைப்புகளையே பொதுவாக முற்படுத்துகிறது. மூக்குவாய் மூச்சணிக்கு 'முழுமுகம்' என்ற பெயரோ, முழுமையான பயன் தருவது அதுதான் என்ற மயக்கத்தை உண்டாக்குகிறது. வாய்வழி மூச்சுவிடுவோருக்கும் மூக்கடைப்பு தீராதவர்களுக்கும் அது வேண்டியதே. ஆனால் மூக்கடைப்புக்கு மருத்துவம் பார்த்த பிறகு மூக்கு மூச்சணிக்கு மாற முடிகிறவர்களும் உண்டு. மீசைக்காரர்களுக்கும், படுக்கையில் கண்ணாடி போட்டுப் படிப்பவர்களுக்கும், முகம் மூடினால் பதறுகிறவர்களுக்கும் நாசிமொட்டு ஏற்றது. அழுத்தம் மிகுந்தால் நாசி விளிம்பு புண்ணாகலாம் என்பதையும் மறைக்க வேண்டாம்.

கசிவு என்ற சொல்லையும் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். மூச்சணியில் வேண்டுமென்றே சிறு துளைகள் விடப்பட்டிருக்கின்றன. நாம் வெளிவிடும் கரியமில வாயு அவற்றின் வழியே வெளியேறாவிட்டால் அதையே மீண்டும் மூச்சாக இழுக்க நேரும். அவற்றை 'வெளிமூச்சுத் துளை' என்றும், அந்தக் கசிவை 'அமைகசிவு' என்றும், விளிம்பில் பொருந்தாமல் வருவதைப் 'பிழைகசிவு' என்றும் சொல்லலாம் என நினைக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், துளையில் காற்று வருவதைக் கண்டு அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிற ஆபத்து இருக்கிறது. மூக்குவாய் மூச்சணியில், மின்சாரம் நின்று கருவி ஓயும்போது வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் பாகத்திற்கு 'திணறல்காப்பு இதழ்' என்பது என் பரிந்துரை. வால்வு என்று முடித்தாலும் மறுக்கமாட்டேன்.

வாய் திறக்காமல் கட்டும் பட்டைக்கு இலங்கை நண்பர் 'நாடிப் பட்டை' என்று எழுதியிருந்தார். மோவாயை நாடி என்பது யாழ்ப்பாணத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் இயல்புதான். ஆனால் மருத்துவப் பட்டியலில் நாடித்துடிப்பு அருகிலேயே வரும் என்பதால், மணிக்கட்டில் கட்டும் பட்டை என்று சிலர் கருதக்கூடும். 'மோவாய்ப் பட்டை' அவருக்கு உடன்பாடு என்றால் இந்தத் தொகுதியில் விவாதத்திற்கு எஞ்சியிருப்பது நாசிமொட்டு ஒன்றே. அதற்கு இன்னும் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.