பொருள்: வலுதூக்கும் பெண்ணுக்கு ஒரு சொல்

> பவர்லிஃப்டிங் விதிகளைத் தமிழாக்குகிறேன். விளையாட்டைப் பளுதூக்குதல் என்றே எழுதிவிடலாமா? போட்டியிடும் பெண்ணை 'வலுதூக்கி' எனலாமா?

வணக்கம் ஐயா,

முதலாவது வேண்டாம். பளுதூக்குதலில் எடை தலைக்கு மேல் போக வேண்டும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றது அதில்தான். பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (எடையைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது), பெஞ்ச் பிரஸ் (பலகையில் படுத்து எடையை மார்பிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது) என மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு; மூன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் மொத்தம். நாளிதழ்களில் இதற்கு வலுதூக்குதல் என்ற சொல் வழங்குகிறது. வலுவை எப்படித் தூக்குவது என்று சிலர் கேட்பார்கள். வலுவால் தூக்குதல் என மூன்றாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் சரியாகப் போகிறது.

'வலுதூக்கி' எனக்குப் பிடிக்கவில்லை. மின்தூக்கி, பாரந்தூக்கி எல்லாம் இயந்திரங்கள். அந்த வரிசையில் ஒரு பெண்ணை நிறுத்தக் கூடாது. ஓட்டுநர், இயக்குநர் போல 'வலுதூக்குநர்' என்று வைக்கலாம்.

> வீராங்கனை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

செய்திக்கு அது அழகான சொல், விடச் சொல்லவில்லை. ஆனால் விதிநூலில் "வீரர் அல்லது வீராங்கனை" என்று வரிக்கு வரி எழுத முடியாது. வெறும் 'வீரர்' என்றால் பெண் பின்னால் ஒட்டவைத்தவள் போலத் தெரிகிறாள். இந்த விளையாட்டில் அப்படி இல்லை. பளுதூக்குதலில் எடைத்தட்டுகளை மாட்டும் கம்பி பெண்களுக்கு 15 கிலோ, ஆண்களுக்கு 20. வலுதூக்குதலில் இருவருக்கும் அதே 20 கிலோ கம்பிதான். எடைப்பிரிவுகள் மட்டும் வேறு. பெண்களுக்குப் பொதுப் பிரிவில் 47 கிலோவில் தொடங்கி 84-க்கு மேல் வரை போகிறது. வலுதூக்குதலின் உலகக் கூட்டமைப்பு 1972-இல் உருவானது, பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1980-இல்தான் அமெரிக்காவின் லோவலில் நடந்தது. இவ்வளவு காத்திருந்து வந்தவர்களை விதிநூலும் ஒரே சொல்லால் அழைக்கட்டும்.

எழுதிப் பாருங்கள்: "இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழும்வரை வலுதூக்குநர் இறங்க வேண்டும்." இதில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழவில்லை. ஒரு விரல் அளவு குறைந்தாலும் மூன்று நடுவர்களில் இருவர் சிவப்பு விளக்கைப் போட்டால் அந்த முயற்சி போச்சு. எடையோடு எழுந்து நின்ற பிறகும் போச்சு! அந்த ஆழத்துக்காகவே மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள்.

> நன்றி அம்மா, வலுதூக்குநரை எடுத்துக்கொள்கிறேன். டெட்லிஃப்ட்டுக்குப் 'பிணத்தூக்கு' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

ஐயோ, அதை எடுத்துவிடுங்கள். 'டெட்' என்றால் இங்கே பிணம் இல்லை, அசைவில்லாமல் தரையில் கிடக்கும் எடை என்பதுதான் பொருள். மற்ற இரண்டிலும் எடை முதலில் கீழே இறங்கி, பிறகு ஏறும். இதில் இறங்கும் கட்டமே கிடையாது. முதல் அசைவே தரையிலிருந்து மேல்நோக்கித்தான். அதனால் 'தரையெடுப்பு' போதும். 'தூக்கு' தனியாக நின்றால் தூக்குமேடை நினைவும் வரும்.

ஸ்குவாட்டுக்குக் 'குந்தெழல்' என்பது என் விருப்பம். குந்துவது பாதிதான், எடையோடு எழுந்து, முழங்கால் நேராகி, அசையாமல் நின்றால்தான் கணக்கு. பெஞ்ச் பிரஸ்ஸுக்குக் 'கிடந்துந்தல்' வைத்திருக்கிறேன், ஆனால் நாக்கில் கொஞ்சம் இடறுகிறது. கம்பி மார்பில் அசையாமல் நின்று, நடுவர் குரல் கொடுத்த பிறகே மேலே தள்ள வேண்டும் என்பதால் உந்துதல் அவசியம் வர வேண்டும். இதைவிட எளிதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பெஞ்ச் பிரஸ் என்றே இருக்கட்டும்.