கடல் தாண்டினால் பேச மறுக்கும் கருவிகள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்னப் பட்டறை எங்களுடையது. குளிர்சாதனக் கன்டெய்னரின் வெப்பநிலையை மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் கருவி செய்கிறோம். உள்ளே ரோமிங் சிம், 4ஜி மோடம்.

சென்னைத் துறைமுகம் வரை ஒழுங்காகப் பேசுகிறது. சிங்கப்பூரில் இறங்கியதும் பத்தில் இரண்டு மூன்று ஊமையாகிவிடுகின்றன. 2ஜிக்கு இறங்கிப் பிழைக்கவும் வழியில்லை, அங்கே 2017-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். மோடத்தை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. ஒரு நெட்வொர்க் 'உனக்கு இங்கே அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பினால், அந்த நெட்வொர்க்கின் எண் சிம்மிலேயே தடைப்பட்டியலில் ஏறிவிடுகிறது. பவரை அணைத்தாலும் அழிவதில்லை. அதுதான் காரணம் என்பது என் சந்தேகம். கூட வேலை செய்யும் தம்பி எலுமிச்சம்பழம் சுற்றலாம் என்கிறான்!

இன்னொரு வகையும் உண்டு. மோடம் இணைப்பில் இருப்பதாகவே காட்டும், சர்வருக்கு ஒன்றும் வராது. வழியிலுள்ள நேட் (NAT, பல கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிர வைக்கும் அமைப்பு) சும்மா கிடக்கும் இணைப்பை அறுத்துவிடுகிறது போலும். இணைப்பை உயிரோடு வைக்க அடிக்கடி பிங் என்ற சின்னச் செய்தி அனுப்பினால் பேட்டரி தாங்காது.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: தடைப்பட்டியலை ஏடி கட்டளையால் (மோடத்துக்குக் கொடுக்கும் AT உத்தரவு) தானாகவே அழிக்க விடுவது பாதுகாப்பானதா? எத்தனை முறை தோற்றபின் அழிக்கிறீர்கள்? பிங் இடைவெளி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? அப்புறம், நிரந்தர ரோமிங்கை (வெளிநாட்டு சிம் நெடுங்காலம் அங்கேயே இயங்குவதை) அனுமதிக்காத நாடுகளுக்கு இ-சிம்மில் (கழற்றாமலே நெட்வொர்க் நிறுவனத்தை மாற்றக்கூடிய சிம்) உள்ளூர் நிறுவனத்தின் புரொஃபைல் ஏற்றிப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த லோடு கிளம்புவதற்குள் தெரிந்தால் புண்ணியமாகப் போகும்.