புதுப்பிப்பு: 4 டெராபைட் டிஸ்கில் பாதி காணாமல் போன கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: தண்டையார்பேட்டை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் புது 4 டெராபைட் டிஸ்க் மாட்டினேன், 2048 ஜிபிக்கு மேல் தொட முடியவில்லை, டிஸ்கின் பகுதிகளை (பார்ட்டிஷன்) குறித்து வைக்கும் அட்டவணை பழைய எம்பிஆர் முறையில் இருக்கட்டுமா, புதிய ஜிபிடி முறைக்கு மாறட்டுமா என்று. ஜிபிடிக்கே போய்விட்டேன்.

எம்பிஆர் ஒவ்வொரு செக்டரின் (டிஸ்கின் சிறு துண்டு) எண்ணையும் 32 பிட்டில் எழுதுகிறது; 512 பைட் செக்டர் என்றால் 2 டெராபைட்டோடு கணக்கு முடிந்தது. மீதி 1677 ஜிபி கறுப்புப் பட்டையாகச் சும்மா கிடந்தது.

என் பயம் வேறு. ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக, கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் யுஇஎஃப்ஐ என்ற புது மென்பொருள் போர்டில் வேண்டும்; என் போர்டில் அது கிடையாது, அதன் முன்னோடியான பழைய பயாஸ்தான். விண்டோஸ் பூட் ஆகும் டிஸ்குக்குத்தான் அந்தச் சிக்கல், வெறும் டேட்டா டிஸ்குக்கு இல்லை என்று இங்கே சொன்ன அண்ணனுக்குக் கோயிலே கட்டலாம். விண்டோஸ் பழைய எஸ்எஸ்டியில், எம்பிஆரிலேயே இருக்கிறது.

ஒரே வயிற்றெரிச்சல்: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஜிபிடியாக மாற்று' என்ற வரி மங்கலாகவே இருந்தது. பார்ட்டிஷனை அழித்தால்தான் அதற்கு உயிர் வரும். நானோ தம்பி கல்யாண வீடியோவை ஏற்கெனவே அதில் கொட்டியிருந்தேன். அதை இன்னொரு டிஸ்குக்கு மாற்ற ராத்திரி முழுக்க ஆனது, நடுவில் கரண்ட் வேறு போனது.

இப்போது 3725 ஜிபியும் தெரிகிறது (விண்டோஸ் 1024 கணக்கில் காட்டுவதால் 4 டெராபைட் அப்படித் தெரியும்). இரண்டாகத்தான் பிரித்தேன். அப்புறம், ஜிபிடி அட்டவணையின் நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். அதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள், ஃபைல்களுக்கு அது உதவாது. கல்யாண வீடியோ இன்னொரு டிஸ்கிலும் இருக்கிறது.