முதிர்ந்த ஜீப்ரா மீனின் மூளையில் பிங்க்1 மரபணு: எங்கும் ஊதா நிறம் தெரிவது ஏன்?

ஆய்வு மாணவி:
வணக்கம். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய பிங்க்1 மரபணு முதிர்ந்த ஜீப்ரா மீனின் மூளையில் எங்கெங்கே வெளிப்படுகிறது என்பதை இன் சிட்டு முறையில் (மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலைத் திசுவிலேயே நிறமேற்றிக் காட்டும் முறை) வரைபடமாக்கி வருகிறேன். உறைய வைத்துச் சீவிய திசுவில் டிகாக்சிஜெனின் என்ற அடையாள மூலக்கூறு இணைத்த ஆர்.என்.ஏ. புரோபைச் (அந்த நகலோடு ஒட்டும் துண்டு) சேர்த்து, இரவு முழுவதும் நிறக் கரைசலில் வைத்திருந்தேன். முன்மூளை முதல் பின்மூளை வரை ஏறத்தாழ எங்கும் ஊதா நிறம் ஏறியிருக்கிறது. ஆனால் மனிதருக்கு, பார்க்கின்சன் நோயில் அழியும் டோபமைன் நரம்பணுக்களைக் கொண்ட சப்ஸ்டான்ஷியா நைக்ரா அமைந்துள்ள நடுமூளையில் தனி அடர்த்தி எதுவும் தென்படவில்லை. இது என் சோதனையின் பிழையா, மீனின் இயல்பா?

திசுவியல் ஆய்வாளர்:
முதலில் சென்ஸ் புரோப் (மரபணுவின் நகலோடு ஒட்டாத, ஒப்பீட்டுக்கான புரோப்) இட்ட சீவலையும் அதே கரைசலில், அதே நேர அளவுக்கு வைத்துப் பாருங்கள். அதிலும் ஊதா தெரிந்தால் அது பின்னணி நிறமே. அடுத்து, பார்வை மேடுகளின் உட்புறத்தில் மூளை அறையை ஒட்டிய சாம்பல் அடுக்கிலும் சிறுமூளையின் துகளணு அடுக்கிலும் உயிரணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒவ்வோர் அணுவிலும் வெளிப்பாடு குறைவாக இருந்தாலும் அவ்விடங்கள் கறுத்தே தோன்றும். அடுத்த சீவலை, எல்லா நரம்பணுக்களையும் காட்டும் நிஸ்ல் சாயமிட்டு ஒப்பிட்ட பிறகே "இங்கே அதிகம்" என்று எழுதுங்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டு அப்படி எழுதிப் பின்னர் திருத்த நேர்ந்தது.

நரம்பு உடற்கூறியல் ஆசிரியர்:
பிங்க்1 புரதம் பழுதுபட்ட மைட்டோகாண்டிரியாவை அடையாளம் காட்டி, பார்க்கின் என்ற மற்றொரு புரதத்தை அங்கே வரவழைக்கிறது. எல்லா நரம்பணுக்களுக்கும் தேவைப்படும் பணி அது என்பதால், பரவலான வெளிப்பாடு வியப்புக்குரியதன்று. நடுமூளையில் தேடியதுதான் சிக்கல்: ஜீப்ரா மீனின் நடுமூளையில் டோபமைன் அணுத்தொகுதி கிடையாது. இடைமூளையின் பின்புடைப்பில் உள்ள டோபமைன் அணுக்களே முன்மூளையின் அடிப்பகுதிக்கு இழைகளை அனுப்புகின்றன என்று ரிங்க், வுல்லிமான் இருவரும் 2001-இல் காட்டினர். ஆகவே டோபமைன் உருவாக்கத்துக்குத் தேவையான நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸையும் பிங்க்1-ஐயும் ஒரே சீவலில் இரு ஒளிர்நிறங்களில் குறியிட்டு, இரண்டும் ஒரே அணுவில் சேர்கின்றனவா என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாத படத்தை நோயோடு இணைத்துப் பேச எனக்குத் துணிவு வராது.

மரபணுவியல் ஆய்வாளர்:
புரோபை வடிவமைக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். டைரோசின் ஹைட்ராக்சிலேஸுக்கு இம்மீனில் இரண்டு மரபணுக்கள் காணப்படுகின்றன; பின்புடைப்புக்கு உங்களுக்குத் தேவைப்படுவது முதலாவது. பிற்பாடு அல்ஷைமர் நோய்க்குச் சென்றால், அந்நோயோடு தொடர்புடைய ஏ.பி.பி. மரபணுவும், எலும்பு மீன்களின் மரபணுத்தொகுதி பண்டைக் காலத்தில் இரட்டித்ததால், இரு படிகளாக நிற்கும். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைனியூக்ளின் மரபணுவோ ஜீப்ரா மீனில் இல்லவே இல்லை. அதற்குப் புரோப் செய்து நாட்களை வீணாக்க வேண்டாம்.

ஆய்வு மாணவி:
மூவருக்கும் நன்றி. சென்ஸ் புரோபை வேறொரு நாளில், இரண்டு மணி நேரம் மட்டுமே நிறமேற்றியிருந்தேன் என்பதைக் குறிப்பேட்டில் இப்போதுதான் கவனித்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்து, பின்புடைப்பிலிருந்தே மீண்டும் தொடங்குகிறேன்.